கை வீசாத மனிதன்

"கையை வீசாம நடக்கறான் மேடம். அதைத்தான் என்னால தாங்க முடியல."

சந்திரமோகன் மடிக்கணினியைப் பின் இருக்கைப் பக்கம் திருப்பினான். மாரண்டஹள்ளி தக்காளி மண்டிக்கு எதிரே கார் நின்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று. துப்பறியும் நஸீமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் மாதேஷ் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். பதினொரு வருடம் சித்தேரி மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, "ஜனங்களை நம்பினது போதும், இனிமே சந்தேகப்பட்டுப் பாக்கலாம்" என்று அவளிடம் வந்து சேர்ந்தவன்.

திரையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடின. ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் நான்கு சின்ன அலைகள். மற்றதற்கு இரண்டே அலைகள்.

"நடக்கற ஆளை ரேடார் பாத்தா உடம்பு கோடாத் தெரியும். வீசற கையும் காலும் அலையாத் தெரியும். இது என் சம்சாரம். ரெண்டு கை, ரெண்டு கால், நாலு அலை. இதோ இவனுக்குக் கால் மட்டும்தான் அசையுது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு, என் நிலத்துக்குப் பக்கத்துலயே, பண்ணையார் மாதிரி வர்றான்."

சொல்லும்போதே சந்திரமோகனுக்கு நெஞ்சு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அந்தக் கோட்டை அவன் இருபத்து மூன்று நாளாகப் பார்க்கிறான். ஓசூரில், காட்டோர ஊர்களுக்கு யானை வருவதை முன்கூட்டிச் சொல்லும் கம்பம் செய்யும் ஒரு கம்பெனியில் அவன் இன்ஜினியர். சோதனைக் கம்பம் ஒன்றைச் சொந்தத் தோட்டத்திலேயே நட்டிருந்தான். உச்சியில் ரேடார், இடுப்பில் மைக், மண்ணுக்குள் காலடி அதிர்வைப் பிடிக்கும் கருவிகள். மூன்றும் கூடிப் பேசி, வருவது யானையா, மாடா, மனிதனா, வண்டியா என்று முடிவு கட்டி அவன் போனுக்கு அனுப்பும். ஏழு மாதம் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கில் மாதிரி காட்டி, அவனே பாடம் சொல்லிக் கொடுத்த கம்பம்.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு தடவை சரியாச் சொல்லும்" என்றான்.

"எங்க செக்கிங் இன்ஸ்பெக்டரே நூத்துக்கு அறுபதுதாங்க" என்றான் மாதேஷ்.

அந்தக் கம்பம்தான் தினமும் சாயங்காலம் அஞ்சு நாற்பதுக்கு, அவன் ஓசூரில் கணினி முன் உட்கார்ந்திருக்கும்போது, போனில் சொல்கிறது: மனிதன், மனிதன். பக்கத்து நிலத்துப் பழைய பட்டுப்புழு ஷெட் ஓரமாக இரண்டு பேர். ஆறு ஐந்துக்கு ஒருவர் திரும்பி வருகிறார். அந்த நடை பிரியதர்ஷினியின் நடை. ஆறு வருடம் வாழ்ந்தவனுக்கு அது தெரியாதா?

"நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமை பின்னாலயே போய்ப் பாத்திருக்கலாமே?" என்றாள் நஸீமா.

சந்திரமோகன் திரையைத் தொட்டுக் கோட்டைப் பெரிதாக்கினான். திரையில் இருக்கும்வரை அது கோடு. நேரில் பார்த்துவிட்டால் அதற்கு முகம் வந்துவிடும். அந்த முகத்தைப் பிரியதர்ஷினி எப்படிப் பார்க்கிறாள் என்பதும் தெரிந்துவிடும்.

"கேமரா இல்லையா கம்பத்துல?"

"காட்டுப் பக்கம் மட்டும்தான் பாக்கும். மேடம், இன்னிக்கு ஆறரைக்கு அவ அண்ணன் மாது கடத்தூர்ல இருந்து வர்றாரு. வந்து உங்க தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போங்க, காரணத்தை நேர்ல சொல்றேன்னு போன் பண்ணிட்டேன். அதுக்குள்ள அவன் பேரு எனக்கு வேணும்."

"பேரு உங்ககிட்டயே இருக்குதுன்னு போன்ல சொன்னீங்க?"

சந்திரமோகன் கண்ணாடி வழியே எதிரே கை காட்டினான். மண்டிக்குப் பக்கத்தில் ஒரு பேண்டு செட் கடை. வாசலில் சிவப்புக் கோட்டு மாட்டிய ஒல்லி ஆள் ஒருவன் டிரம்முக்கு வார் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆரோக்கியராஜ். கடத்தூர் ஸ்கூல்ல அவகூடப் படிச்சவன். தினம் அந்த நேரத்துல மைக்ல டும் டும்னு ஒரு சத்தம் விழுது. ஆழமா, டிரம் மாதிரி. அதிர்வுக் கருவி வெச்சுக் கணக்குப் போட்டா எடை நாப்பது கிலோ. ஒல்லி. நடுவுல ஒருதரம் வண்டின்னு காட்டுச்சு. அவன்கிட்ட பைக் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

நஸீமா மாதேஷைப் பார்த்தாள். மாதேஷ் கடலைத் தோலை உதறிவிட்டு இறங்கினான்.

அடுத்த ஐந்து நிமிஷம் சந்திரமோகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மாதேஷ் ஆரோக்கியராஜின் தோளில் கை போட்டான். ஏதோ சொன்னான். இருவரும் மண்டிக்குள் போனார்கள். அந்த ஒல்லி ஆள் டிரம்மைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, தக்காளிக் கூடை நிறுக்கும் பிளாட்ஃபார்ம் தராசின் மேல் சாவகாசமாக ஏறி நின்றான். இறங்கினான். மாதேஷுக்குக் கை கொடுத்தான். இரண்டு கையையும் தாராளமாக வீசிக்கொண்டு கடைக்குத் திரும்பி நடந்தான்.

"எப்படிடா ஏத்தின?" என்றாள் நஸீமா, மாதேஷ் கதவைத் திறந்ததும்.

"கல்யாண மேடைப் பலகை எவ்வளவு தாங்கும்னு பாக்கணும்னேன். அக்கறையா ஏறிட்டாரு. அறுபத்தொண்ணு." சந்திரமோகனிடம் திரும்பினான். "மிச்சம் இருபத்தொரு கிலோவை வூட்ல வெச்சுட்டு உங்க தோட்டத்துக்கு வர்றாருங்களா சார்? இன்னொண்ணு. அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் அவங்களுக்கு தினம் ரிகர்சல். பக்கத்து ஃபிளக்ஸ் கடைக்காரர் பஞ்சு வெச்ச காதோட சொல்றாரு."

சந்திரமோகனுக்கு நிம்மதி வரவில்லை. உள்ளதும் போயிற்று. இத்தனை நாளும் வெறுக்க ஒரு மூஞ்சி இருந்தது. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அந்தச் சிவப்புக் கோட்டுக்காரனை மனசுக்குள் நிறுத்தி வைத்து ஏசிக்கொண்டிருந்தான். இப்போது அந்தச் சிவப்புக் கோட்டுக்குள் ஆளில்லை. யாராகவும் இருக்கலாம். பால்காரன், லைன்மேன், மோட்டார் மெக்கானிக். மாரண்டஹள்ளியில் இரண்டு காலால் நடக்கிற ஒவ்வொருவனும்.

*

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை.

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க. கம்பத்தைப் பாக்க" என்றான்.

பிரியதர்ஷினி காபி கொண்டுவந்தாள். ஒடிசலான உடம்பு, பேச்சு கொஞ்சம். மாதேஷ் டம்ளரை வாங்கிக்கொண்டே சித்தேரி பஸ் கதையை அவிழ்த்துவிட்டான்.

"ஒரு அம்மா ஆட்டோட ஏறிச்சுங்க. அரை டிக்கெட் போடுன்னுச்சு. ஆட்டுக்கு லக்கேஜ்தாம்மா, அரை டிக்கெட் கிடையாதுன்னேன். ஆட்டுக்கு யாரு கேட்டா, அது பாதி சீட்டைப் புடிச்சிக்கும், எனக்கு மிச்சப் பாதிதானே இருக்கு, எனக்கு அரை போடுன்னுச்சு."

பிரியதர்ஷினி சிரித்தாள். முந்தானையால் வாயை மூடியும் அடங்காமல் சிரித்தாள்.

சந்திரமோகன் காபியை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். ஆறு வருடத்தில் அவன் பேச்சுக்கு அவள் இப்படிச் சிரித்ததாக நினைவில்லை. வந்து பத்து நிமிஷமாகாத கடலைப் பையன் அந்தச் சிரிப்பைக் கூசாமல் வாங்கிக்கொண்டு போகிறான். அப்படியென்றால் தினம் இருபத்தைந்து நிமிஷம் கூட நிற்கிறவன் எவ்வளவு வாங்கியிருப்பான்?

அஞ்சு இருபதுக்கு அவள் ஒரு பக்கெட்டும் தென்னந்துடைப்பமும் எடுத்தாள். பக்கெட் வாயைத் துணி மூடியிருந்தது.

"தோட்டத்துப் பக்கம் போய்ட்டு வந்துர்றேங்க."

அவள் போய் மறைந்ததும் சந்திரமோகன் பல்லைக் கடித்தான். "துடைப்பத்தைப் பாத்தீங்களா மேடம்? போன ஞாயித்துக்கிழமை பாத்தேன், வரும்போது வழியெல்லாம் கூட்டிக்கிட்டே வர்றா. அவன் காலடி இருக்கக் கூடாதில்ல."

"ஷெட் பக்கம் நீங்க ஒரு தடவைகூடப் போனதே இல்லீங்களா?"

"காலைல ஒருதரம். பூட்டியிருந்துச்சு. இது கிடந்தது." காரிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தான். உள்ளே கரும்பச்சையில் வளைந்த சில்லுகள். "பீர் பாட்டில். குடிக்கறான் வேற."

நஸீமா ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெளிச்சம் ஊடுருவவில்லை. இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். சில்லு கடக்கென்று ஒடிந்தது. உள்பக்கம் வெள்ளை.

மாதேஷ் எட்டிப் பார்த்தான். "கையில ஒடியற பாட்டிலு. எந்தக் கடையிலங்க கிடைக்குது?"

நஸீமா சிரிக்கவில்லை. சில்லை மேஜை மேல் வைத்தாள்.

"நடுவுல ஒருதரம் வண்டின்னு காட்டுச்சுன்னீங்களே, அந்த நாளைத் திறங்க."

திறந்தான். மனிதன், மனிதன், மனிதன், வண்டி, வண்டி, மனிதன். வண்டி என்று காட்டிய இடத்தில் வேகம் மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர்.

"பைக்" என்றான் சந்திரமோகன்.

"பைக்ல வர்றவன் முதல்ல வண்டியா வருவான். இறங்கினப்புறம் மனுஷனாவான். கிளம்பும்போது மறுபடி வண்டி. அதுதானே வரிசை? இங்க பாருங்க. நடந்துக்கிட்டிருக்கான், நடுவயல்ல வண்டியாகறான், எங்கயும் நிக்காம மறுபடி நடக்கறான். கோடு ஒரு இடத்துலயும் அறுபடல. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

சந்திரமோகன் கோட்டைப் பார்த்தான். இதை அவன் நூறு தடவை பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஹெல்மெட் மாட்டிய ஒருவனைத்தான் பார்த்தான்.

"உங்க கம்பம் பொய் சொல்லலீங்க" என்றாள் நஸீமா. "நீங்க அதுக்கு நாலு பெட்டி குடுத்தீங்க. யானை, மாடு, மனுஷன், வண்டி. அஞ்சாவதா ஒண்ணு வந்தா பாவம் அது என்ன பண்ணும்? எனக்குத் தெரியலன்னு சொல்ல நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"அப்போ இருக்கறதுல எது கிட்டத்துல வருதோ அதுல போட்டு மூடிரும். மெதுவா நடந்தா, ரெண்டு கால், ஆள் உசரம், மனுஷன். ஓடினா வண்டி. அதுக்காவது நாலு பெட்டி இருந்துச்சு. நீங்க கையில ஒரே ஒரு பெட்டியை வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. டிரம் சத்தம் விழுந்துச்சா, அதுல போடு. சில்லு கிடைச்சுதா, அதுல போடு. துடைப்பமா, அதையும் போடு."

"அப்போ அது மனுஷன் இல்லையா?"

"கையே இல்லாதவன் கையை எங்க வீசுவான்?" நஸீமா எழுந்தாள். "நாப்பது கிலோ. ஆள் உசரம். பைக்கைத் துரத்தற ஓட்டம். நெஞ்சுக்குள்ள டிரம் அடிக்கும். பச்சை ஓட்டுல முட்டை போடும். பதிமூணு பதினாலு வருசத்துக்கு முன்னாடி நான் இன்சூரன்ஸ் ஆபீஸுக்காகப் பண்ணை பண்ணையா ஏறி இறங்கி இதைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன். கடத்தூர்லயும் அப்போ நிறையப் பண்ணை. உங்க மாமனார் அங்க என்ன வளர்த்தாருங்க?"

சந்திரமோகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் வரப்பில் இறங்கினான்.

*

பட்டுப்புழு ஷெட்டின் பின்பக்கம், மல்பெரிச் செடிகளுக்கு நடுவில், பிரியதர்ஷினி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலே, அழுக்குக் கம்பளியைப் போர்த்திய ஆள்போல ஒரு ஈமு நின்றது. நெடுநெடுவென்று கால், நெடுநெடுவென்று கழுத்து. பக்கெட்டிலிருந்த ராகி மாவு உருண்டையைக் கொத்தித் தின்றது. தின்றுவிட்டுக் கழுத்தை வளைத்து அவள் தோள் மேல் தாடையைச் சாய்த்தது. அடித்தொண்டையில் டும், டும் என்றது.

ஒரு வினாடிக்குச் சந்திரமோகனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மறு வினாடி பழைய எரிச்சல் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. தோளில் சாய்ந்த தலையை அவள் கன்னத்தால் தேய்த்துக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு.

காலடிச் சத்தத்தில் திரும்பினாள். வெறுங்காலோடு புருஷன். அவனுக்குப் பின்னால் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர். ஒருத்தி கையில் பச்சைச் சில்லு. பிரியதர்ஷினி எல்லாரையும் பார்த்தாள். கடைசியாகத் தோட்டத்து மூலையில் நின்ற கம்பத்தைப் பார்த்தாள்.

"நான் யாருகூட நடக்கறேன்னு அதைக் கேட்டீங்களா?"

சந்திரமோகன் தலையை ஆட்டினான்.

"எத்தனை நாளா?"

"இருபத்து மூணு."

"இது வந்ததும் அன்னிக்குத்தான்." ஈமுவின் கழுத்தில் கை வைத்தாள். "அப்பா போனப்புறம் பங்காளிங்க இதைக் கறிக்கு விலை பேசினாங்க. கடைசியா இருந்தது இது ஒண்ணுதான். பக்கத்து நிலத்து செல்லம்மாள் அக்காகிட்ட இந்த ஷெட்டைக் கேட்டு வாங்கி இட்டாந்து வெச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படிங்க சொல்றது? எங்கப்பா ஈமுப் பண்ணையில காசைத் தொலைச்சவருன்னு தெரிஞ்சு, நம்ம கல்யாணத்துல உங்க சிநேகிதருங்க ஈமு பார்ட்டி வந்துருச்சுன்னு மைக்ல சொன்னாங்க. நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க. எங்கப்பா சாப்பிடாமயே எழுந்து போய்ட்டாரு. அதுக்கப்புறமும் சும்மா இருந்தீங்களா? யாரு வூட்டுக்கு வந்தாலும் எங்க மாமனாரு கோழி வளர்த்து ஆகாசத்துல பறந்தவருன்னு கதை. காபி குடுத்துக்கிட்டே நான் கேட்டுக்கிட்டிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இதைப் பாத்தா சிரிப்பீங்கன்னுதான் மறைச்சேன். சந்தேகப்படுவீங்கன்னு தெரியாது."

மாதேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நஸீமா அவன் முழங்கையைத் தொட்டாள். பதினொரு வருடக் கண்டக்டர் முதல்முறையாக டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன்போல் தரையைப் பார்த்தான்.

சாலையில் கார் ஹாரன் அடித்தது. மாது சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். வரப்பில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர் தங்கச்சியைப் பார்த்தார், ஈமுவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"என்னங்க மாப்ள, அவசரமா வரச்சொன்னீங்க. இட்டுக்கினு போன்னீங்க. என்னங்க ஆச்சு?"

இருபத்து மூன்று நாளாகச் சேர்த்து வைத்த காரணம் எல்லாம் சந்திரமோகன் கண் முன்னால் இறகு சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணும் இல்லீங்க. தப்பா நினைச்சுட்டேன். நீங்க வந்து காபி சாப்பிட்டுட்டு…"

"நான் வரேன்ணா" என்றாள் பிரியதர்ஷினி.

"பிரியா."

"வரச்சொன்னது நீங்க. வந்துட்டாரு. வெறுங்கையோட அனுப்ப முடியுமா?" பக்கெட்டை அவன் காலடியில் வைத்தாள். "பத்து நாள் அங்க இருக்கேன். திரும்பி வர்றதா வேண்டாமான்னு யோசிக்கறேன். அண்ணன் வண்டியில இது ஏறாது. பாத்துக்கங்க. இருட்டறதுக்குள்ள உள்ள விட்டுருங்க, நாய்ங்க வரும்."

தருமபுரி வழியாகத்தான் போகிறோம் என்று மாது சொல்ல, நஸீமாவும் மாதேஷும் அதே காரில் ஏறிக்கொண்டார்கள். ஏறும் முன் நஸீமா பச்சைச் சில்லை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க கேட்ட பேரைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேங்க. அண்ணன்கிட்ட சொல்லத்தான் உங்களுக்கு மனசு வரல."

கார் போய்விட்டது.

ஈமு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. சந்திரமோகன் ராகி உருண்டையை நீட்டினான். அது ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தான். துள்ளி ஒதுங்கி இன்னும் பத்தடி தள்ளிப் போய் நின்றது. "ஏய்" என்றான். "வா" என்றான். எதற்கும் அசையவில்லை. காட்டுப் பக்கம் மசமசவென்று இருட்டத் தொடங்கியது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. இன்னொன்று அதற்குப் பதில் சொன்னது.

போனை எடுத்தான். வெகுநேரம் மணி அடித்தது.

"ம்."

"உள்ள போக மாட்டேங்குது."

மறுமுனையில் கார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டு, கையை நீட்டிப் பிடித்தான்.

"வா கண்ணு" என்றது போன். "எத்தனை நேரம் நிப்ப? கால் வலிக்கும்டி. உள்ள போ கண்ணு, போய்ப் படு."

அந்தக் குரலைச் சந்திரமோகன் கேட்டதே இல்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. ஈமு நிதானமாக நடந்து வந்தது, போனுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டது, அவனைச் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குள் போனது. கதவைச் சாத்திக் கொக்கி போட்டான்.

"போய்டுச்சா?"

"போய்டுச்சு."

அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. காருக்குள் மாதேஷ் ஏதோ கதை ஆரம்பித்திருந்தான். மாது சிரிப்பது கேட்டது. கூடவே இன்னொரு சின்னச் சிரிப்பு, அடக்கப் பார்த்து அடங்காதது. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி விறுவிறுவென்று சந்திரமோகனின் தொண்டைவரை ஏறி வந்தது. அதைக் கடித்து விழுங்கினான்.

"காலைல இதுக்கு எத்தனை மணிக்குத் தீனி?"

"அஞ்சரைக்கு" என்றாள். "நீங்க எழுந்திரிக்க மாட்டீங்க."

"எழுந்திரிப்பேன்" என்றான் சந்திரமோகன். "அது வரலன்னா போன் பண்றேன். நீ கூப்பிடு."